புதுச்சேரி, புதுவை, பாண்டி: ஓர் ஊர்ப்பெயரின் பொருளும் வழக்கும் – சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சியர் ஆண்ட துறைமுக நகரமாகிய புதுச்சேரிக்குத் தமிழில் புதுச்சேரி, புதுவை, பாண்டிச்சேரி, பாண்டி எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இவற்றின் தோற்றம் குறித்து வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கங்களை இக்கட்டுரை ஒலியியல், இலக்கணம், வட்டார வழக்கு ஆகியவற்றின் துணையோடு மறுபரிசீலனை செய்கிறது. கடற்கரையிலிருந்து விலகியிருக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில் இப்பெயர்கள் பெறும் பொருள் வேறுபாடுகளும், 'சேரி' என்னும் சொல்லின் பொருட்சுருக்கமும் முதன்மையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஊர்ப்பெயராய்வு, புதுச்சேரி, புதுவை, பாண்டி, சேரி, காலனி, மரூஉ, கொங்கு வழக்கு

1. பலகையும் குரலும்

சேலத்திலிருந்து ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகக் கிழக்குக் கடற்கரைக்குச் செல்லும் பேருந்தின் பலகையில் 'புதுச்சேரி' என்று எழுதப்பட்டிருக்கும். அதே பேருந்தின் வாயிலில் நின்று ஆள் கூப்பிடும் நடத்துநர் 'பாண்டி' என்றே கூப்பிடுவார். பயணியும் பாண்டிக்குத்தான் சீட்டுக் கேட்பார். அவரே தம் பிள்ளையின் பள்ளிக் கட்டுரையில் பாரதியார் 'புதுவை'யில் வாழ்ந்தார் என்று எழுதினால் அதில் வியப்புக் கொள்ள மாட்டார். ஒரே ஊருக்கு எழுத்தில் ஒன்று, பேச்சில் ஒன்று, இலக்கியத்தில் ஒன்று எனப் பெயர்கள் பிரிந்து நிற்கின்றன. இம்மூன்றும் ஒரே பெயரின் வேற்றுருவங்கள் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அவை வந்த வழிகளும் குறிக்கும் பொருள்களும் வேறு என்பதே இங்கு நிறுவப்படவேண்டியது.

ஊர்ப்பெயராய்வு பெரும்பாலும் பெயர் பிறந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. எந்தக் கல்வெட்டில் முதலில் வருகிறது, எந்தச் சொல்லிலிருந்து பிறந்தது என்பவற்றோடு ஆய்வு முடிந்துவிடும். ஓர் ஊரின் பெயரைப் பிறர் எவ்வாறு வழங்குகிறார்கள் என்பதும் அப்பெயரின் வரலாற்றில் ஒரு பகுதியே. அந்த வகையில், கடலையே காணாத சேலம், நாமக்கல் சமவெளி இப்பெயரை ஆராய ஏற்ற களமாகிறது.

2. 'புது' என்பது எதனை நோக்கிப் புதியது?

புதுச்சேரி என்பது புதுமை, சேரி என்னும் இரு சொற்களின் புணர்ச்சி. பண்புப்பெயரின் 'மை' ஈறு கெட்டு, வல்லினம் மிகுந்து புதுச்சேரி ஆயிற்று. 'புதிய குடியிருப்பு' என்பது பொருள். இதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் 'புது' என்னும் அடை தனித்து நிற்பதன்று; முன்பே இருந்த ஒன்றைச் சுட்டியே அது பொருள்படும்.

சேலம், நாமக்கல் சமவெளி இதனை விளக்க நல்ல சான்றுகளைத் தருகிறது. சேலம்–நாமக்கல் சாலையிலுள்ள புதுச்சத்திரம், இராசிபுரம் பகுதியின் ஆர். புதுப்பட்டி, திருச்செங்கோட்டுப் பகுதியின் புதுப்பாளையம் ஆகியவை இன்றும் 'புது' ஊர்களாகவே வழங்குகின்றன. இவற்றில் எதுவும் இன்று புதியதன்று. ஒரு பெயரில் 'புது' ஏறிய பிறகு அவ்வூர் எத்தனை நூற்றாண்டு கண்டாலும் அது இறங்குவதில்லை. (சேலம் புதிய பேருந்து நிலையத்தின் பெயரும் இவ்விதிக்கு விலக்காகத் தோன்றவில்லை.) ஆர். புதுப்பட்டிக்கு ஓர் எழுத்தை முன்னொட்டாகச் சேர்க்க நேர்ந்ததற்குக் காரணம், புதுப்பட்டிகள் பல என்பதே. 'புது' என்பது அடையாளப் பெயராக மிக வலுவற்றது, எங்கும் பிறக்கக்கூடியது.

இவ்வுண்மையை மறப்பதனால் நேரும் பிழை ஒன்று உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்ரையக் கடற்பயணம்' என்னும் கிரேக்க நூல் கமரா, பொதுகே, சோபத்மா என மூன்று துறைகளைக் கிழக்குக் கரையில் வரிசைப்படுத்துகிறது. தாலமியும் பொதுகேயை வணிகத்துறை என்கிறார். புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள அரிக்கமேட்டில் 1945இல் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் நடத்திய அகழாய்வுகள் அங்கே உரோமானியத் தொடர்புடைய வணிகக் குடியிருப்பு ஒன்று இருந்ததை உறுதி செய்தன. அதனால் பொதுகே அரிக்கமேடே என்னும் கருத்து வலுப்பெற்றது. இதுவரை ஏற்கத்தக்கது. ஆனால் இதிலிருந்து, 'பொதுகே என்பது புதுவையே. எனவே புதுச்சேரி என்னும் பெயர் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது' என்று தாவுவது வேறு செயல். அகழாய்வு உறுதி செய்வது இடத்தின் பழமையை; பெயரின் தொடர்ச்சியை அன்று. பொதுகே என்பதில் 'சேரி' இல்லை. 'புது' என்னும் அடை எங்கும் பிறக்கும் இயல்புடையது ஆதலால், ஒரே கரையில் முதல் நூற்றாண்டில் ஒரு முறையும் பின்னர் ஒரு முறையும் தனித்தனியே அது தோன்றியிருக்க முழு வாய்ப்பு உண்டு. ஒலியொப்புமை ஒன்றை மட்டும் கொண்டு இரண்டையும் ஒரு கயிற்றில் கோப்பது ஆய்வாகாது.

சங்க இலக்கியத்தில் 'சேரி' ஊரின் ஒரு பகுதியைக் குறிப்பது இங்கு இணைத்து நோக்கத்தக்கது. குறுந்தொகை 231ஆம் பாடலில் தலைவன் ஒரே ஊரில் வாழ்ந்தும் தலைவியின் சேரிப்பக்கம் வாராமை பேசப்படுகிறது. ஊர் முழுமை, சேரி அதன் உறுப்பு என்பது அங்கே தெளிவு. இப்பொருளில் கொண்டால் 'புதுச்சேரி' என்பது பழைய ஊர் ஒன்றை ஒட்டி எழுந்த புதிய பகுதி என்றாகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளைக் கொண்ட வில்லியனூர், பாகூர் போன்ற ஊர்கள் சூழ்ந்த நிலப்பரப்பில் கடலோரத்தில் எழுந்த குடியிருப்புக்கு இப்பெயர் இயல்பாகவே பொருந்தும். பெரு நகரமாவதற்கு முன்பு அது யாரோ ஒருவரின் ஊருக்குப் பக்கத்து இடமாக இருந்தது என்பதைப் பெயரே சொல்கிறது.

வேதபுரி, வேதபுரம் என்னும் பெயர்களைச் சுருங்கச் சொல்லிவிடலாம். வேதபுரீசுவரர் கோயிலை ஒட்டி எழுந்த தலப்பெயர் இது. பாரதியார் தம் உரைநடையில் வேதபுரம் என்று வழங்கியிருப்பதால் இலக்கிய மதிப்புப் பெற்றது. ஆனால் பொதுவழக்கில் வேரூன்றவில்லை. சமவெளியில் எவரும் வேதபுரத்திற்குப் பயணம் புறப்படுவதில்லை.

3. பாண்டிச்சேரி: பிரெஞ்சு வழியா, ஆங்கில வழியா?

'பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர் தந்த பெயர்' என்பது பாடநூல்களிலும் பயணக் கையேடுகளிலும் காணப்படும் கூற்று. இதற்கு ஆதாரமாக ஒரு கதை சொல்லப்படும். பிரெஞ்சில் 'பூதிச்சேரி' என்று ஒலிக்கும்படி எழுதிய பெயரில் 'யு' என்னும் எழுத்து 'என்' என்று தவறாகப் படிக்கப்பட்டமையால் 'பொந்திச்சேரி' ஆயிற்று என்பது அக்கதை. கையெழுத்தில் இவ்விரு எழுத்துகளும் எளிதில் மயங்கும் என்பது உண்மையே. உகர ஒலியைப் பிரெஞ்சில் 'ஒ', 'யு' என்னும் இரண்டு எழுத்துகளால் எழுதுவது வழக்கமாதலால், ஓரெழுத்து மாறினாலே 'பூ' என்பது 'பொன்' ஆகிவிடும் என்பதும் உண்மை. விளக்கம் கைக்கடக்கமாக இருக்கிறது.

ஆயினும் 'புது' என்பதன் இரண்டாம் உகரம் இகரமானதை இவ்விளக்கம் தொடுவதில்லை. குற்றியலுகரம் ஆதலால் அயலார் செவியில் இகரமாகக் கேட்டது என்று சொல்லிவிட இயலாது. தனிக்குற்றெழுத்தை அடுத்து வரும் வல்லின உகரம் இலக்கணப்படி முற்றியலுகரமே. எனவே காரணத்தை விரைவுப் பேச்சில் தேடவேண்டும். அண்ண ஒலியாகிய 'ச்ச' என்பதன் முன் உகரம் இதழ்குவிவை இழந்து இகரச் சாயல் பெறுவது பேச்சுத் தமிழின் இயல்பு. பிரெஞ்சியர் எழுதிவைத்தது ஏட்டுத் தமிழை அன்று, கடற்கரையில் கேட்ட தமிழை.

இவையெல்லாம் பிரெஞ்சு வடிவத்தின் தோற்றத்தை விளக்கலாம். தமிழில் வழங்கும் 'பாண்டிச்சேரி'யின் தோற்றத்தை விளக்கா. பிரெஞ்சு ஒலிப்பில் முதலசை மூக்கொலி பெற்ற ஒகரம். அடுத்து வருவது பல்லொலியாகிய 'தி'. பின்னர் வருவது 'ஷெ'. தமிழ்ச் செவி இதனை நேரே வாங்கியிருந்தால் 'பொந்திசேரி' போன்றதொரு வடிவமே கிடைத்திருக்கும். கிடைத்திருப்பதோ ஆகாரமும் நாமடி ஒலியாகிய 'ண்டி'யும் கொண்ட சொல். இவ்விரண்டு கூறுகளும் ஆங்கிலத்தைச் சுட்டுகின்றன.

ஆங்கிலத்தின் குறில் ஒகரம் தமிழில் ஆகாரமாவது பொது விதி போலவே நிகழ்ந்துள்ளது. டாக்டர், காலேஜ், ஆபீஸ், பாக்கெட், லாரி ஆகியன எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தின் ட, த இடைப்பட்ட ஒலி தமிழில் நாமடி 'ட'வாகவே கொள்ளப்படுவதும் அவ்வாறே. டாக்டர், ஆர்டர் என்பவற்றில் காண்க. போர்ச்சுகீசு, பிரெஞ்சு மொழிகளின் பல்லொலி தமிழில் 'த'கரமாகவே நிலைத்தது. பாதிரி, மேஸ்திரி என்னும் போர்ச்சுகீசுச் சொற்களும், 'துய்ப்ளே' என்று தமிழில் வழங்கும் ஆளுநர் பெயரும் சான்று. ஆகவே 'பாண்டிச்சேரி' என்பது பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் ஆங்கில வாயில் புகுந்து, அங்கிருந்து தமிழுக்குத் திரும்பிவந்த சொல் என்று கொள்வதே ஒலிச்சான்றுக்குப் பொருந்துவது.

மலையாளம் இதற்கு எதிர்ச்சான்று போல் அமைந்து துணைசெய்கிறது. ஆங்கில ஒகரத்தை மலையாளம் ஓகாரமாகவே கொள்ளும்: தமிழில் லாரி, மலையாளத்தில் லோரி, தமிழில் டாக்டர், மலையாளத்தில் டோக்டர். அதே முறையில் தமிழில் பாண்டிச்சேரி, மலையாளத்தில் போண்டிச்சேரி. லாரிக்கும் லோரிக்கும் உள்ள வேறுபாடே இவ்விரண்டிற்கும் உள்ளது. ஊர்ப்பெயரும் வண்டிப்பெயரும் ஒரே வாயிலால் வந்தவை.

வரலாறும் இதற்கு முரண்படவில்லை. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு ஆளுநர்களுக்கு மிக நெருக்கமானவர்; துய்ப்ளேயின் துபாஷி. பிரெஞ்சு வடிவம் தமிழுக்குள் நேரே புகுந்திருந்தால் அவர் எழுத்தில்தான் முதலில் புகுந்திருக்க வேண்டும். அவர் எழுதுவது புதுச்சேரி என்றே. பிரெஞ்சுக் கோட்டைக்குள் இருந்தவர் தமிழ்ப் பெயரை வழங்க, கோட்டைக்கு வெளியே ஆங்கிலேயர் ஆண்ட நிலப்பகுதியில் 'பாண்டி' பரவியது என்பது முரண் போலத் தோன்றினும் இயல்பானதே. சேலம் பகுதி 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடு அதனை நிர்வகித்தார். அதன்பின் ஆட்சியாவணம், அஞ்சல், நிலப்படம், பள்ளி எல்லாம் இச்சமவெளிக்கு ஆங்கிலத்தில் வந்தன. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இல் தொடர்வண்டி ஓடத் தொடங்கியபோது அதன் கால அட்டவணையும் ஆங்கில வடிவத்தையே சுமந்தது. பிரெஞ்சு மொழி இச்சமவெளியை எட்டவே இல்லை. பிரெஞ்சு ஊரின் பெயரை இவர்கள் ஆங்கிலேயரிடமிருந்து கேட்டறிந்தார்கள்.

'பாண்டி' என்னும் தமிழ்ச்சொல் முன்பே இருந்தது இம்மாற்றத்தை எளிதாக்கியது. பாண்டியன், பாண்டி நாடு என்பவற்றின் ஒலியோடு ஒன்றியதால் அயல்வழிச் சொல் அயலாகத் தோன்றவில்லை. பாண்டிய மன்னன் ஆண்டதால் பாண்டிச்சேரி என்று விளக்கம் கூறுவோர் உளர். இது பெயரைப் பார்த்துப் புனைந்த காரணம் என்பதன்றி வேறில்லை.

4. சமவெளியில் 'பாண்டி'

நாமக்கல், சங்ககிரி, சேலம் ஆகிய ஊர்கள் லாரித் தொழிலால் அறியப்படுபவை. நாமக்கல் முட்டை நாள்தோறும் கேரளத்திற்குச் செல்கிறது. இத்தொழிலில் இருப்பவர்க்குப் 'பாண்டி' என்னும் சொல் இரு திசைகளில் இரு பொருள் தருகிறது. கிழக்கே போனால் அது ஊர். மேற்கே பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் அது அவரே. மலையாள வழக்கில் 'பாண்டி' என்பது பாண்டிநாட்டான் என்னும் பழம்பொருளிலிருந்து வழுவித் தமிழனை இழித்துக் கூறும் சொல்லாயிற்று. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டி அங்கே 'பாண்டி லோரி'. மலையாளியின் நாவில் ஊர் போண்டிச்சேரியாகவும் ஆள் பாண்டியாகவும் பிரிந்து நிற்பதால் அங்கே மயக்கம் இல்லை. தமிழனின் நாவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஒரே ஓட்டுநர் ஒரு வாரத்தில் பாண்டிக்குச் சரக்கேற்றவும், மறுவாரம் பாண்டி என்று ஏசப்படவும் கூடும். இவை ஒரு சொல்லின் இரு பொருள்கள் அல்ல. ஒலி ஒத்த இரு சொற்கள். வட்டார வழக்கு அகராதிகள் இவற்றை ஒரே தலைச்சொல்லின் கீழ் வைப்பது பொருந்தாது. சிறுமியர் கட்டம் கீறி நொண்டியடித்து ஆடும் 'பாண்டி'யும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கதன்று.

இனி, ஊரைக் குறிக்கும் பாண்டியே சமவெளியில் மற்றொரு பொருளையும் ஏற்றது. அதற்குச் சேலத்தின் தனி வரலாறு காரணம். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். நாள் 1937 அக்டோபர் 1. அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் உள்ளடக்கியது. மாகாணப் பிரதமராக இருந்த இராஜாஜி அதற்கு முன்பே, 1925இல் நிறுவிய புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழை நடத்தியவர். கல்கி அதில் உடனுழைத்தார். இடையீடுகளுடன் 1971 வரை தமிழ்நாட்டில் மதுவிலக்குக் கொள்கை தொடர்ந்தது. 1974இல் மீண்டும் வந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோதும், 1954 நவம்பர் 1இல் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தபின்னும், 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி இணைந்தபின்னும் புதுச்சேரி இவ்விலக்கின் எல்லைக்கு வெளியே நின்றது. 'பாண்டிக்குப் போய் வந்தான்', 'பாண்டி சரக்கு' என்னும் தொடர்கள் இச்சூழலில் பொருள் பெறுபவை. இங்கே பாண்டி என்பது ஊரைவிட எல்லையைக் குறிக்கிறது. ஒரு சட்டம் முடியும் இடத்தின் பெயர் அது. எனவேதான் 'புதுவை சரக்கு' என்றோ 'புதுச்சேரி சரக்கு' என்றோ எவரும் சொல்வதில்லை. மூன்று பெயர்களும் ஒரு பொருட்பன்மொழி அல்ல என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

ஓர் ஊரின் பெயர் தொலைவில் இவ்வாறு வேறொன்றாவது நமக்கு மட்டும் உரியதன்று. பிரான்சில் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்க்குப் 'பொந்திஷெரி' என்பது ஒரு வினாத்தாளின் பெயர். அங்குள்ள பிரெஞ்சுப் பள்ளியில் தேர்வு பிரான்சைவிட முன்னதாக நடைபெற்றதால் அதன் வினாத்தாளை வைத்துப் பயிற்சி செய்யும் வழக்கம் ஏற்பட்டது. சேலத்தில் மதுவும் பாரிசில் தேர்வும் ஒரே ஊர்ப்பெயரால் நினைவுறுத்தப்படுவது ஊர்ப்பெயராய்வாளரின் கவனத்திற்கு உரியது.

5. புதுவை எந்தப் புதுவை?

இலக்கிய வழக்காகிய 'புதுவை' மரூஉ மொழி. தஞ்சாவூர் தஞ்சை ஆவதும் நாகப்பட்டினம் நாகை ஆவதும் புதுக்கோட்டை புதுகை ஆவதும் போன்றதே இது. சேலத்திற்கும் நாமக்கல்லுக்கும் இத்தகைய மரூஉ நிலைபெறவில்லை. அதனால் மோகனூரில் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை முழுப்பெயரோடு 'நாமக்கல் கவிஞர்' ஆனார். பாரதிதாசன் 'புதுவைக் கவிஞர்' ஆனார். 'புதுவை முரசு' என இதழ் எழுந்தது. புதுவை என்றவுடன் பாரதியும் (1908 முதல் 1918 வரை அங்கு வாழ்ந்தவர்) பாரதிதாசனும் நினைவுக்கு வருமளவுக்கு இருபதாம் நூற்றாண்டு அச்சொல்லைத் தனதாக்கிக்கொண்டது.

இங்குதான் இளம் ஆய்வாளர் வழுக்கும் இடம் உள்ளது. பழைய இலக்கியத்தில் 'புதுவை' வருமிடமெல்லாம் புதுச்சேரியைச் சுட்டுவதாகக் கொள்ளல் ஆகாது. திருப்பாவையின் இறுதிப் பாசுரத்திலுள்ள புதுவை திருவில்லிபுத்தூர். கம்பரின் புரவலராகிய சடையப்ப வள்ளல் 'புதுவைச் சடையன்' எனப்படுவதும் உண்டு. அதுவும் புதுச்சேரி அன்று. புத்தூர் என்றாலும் புதுச்சேரி என்றாலும் மரூஉவில் பொதுச்சொல் உதிர்ந்து 'புது' மட்டுமே எஞ்சுவதால் ஊர்கள் பல ஒரு பெயருக்குள் வந்துவிடுகின்றன. மின்தரவுத்தளங்களில் சொல்லைத் தேடி, கிடைத்த இடங்களை எல்லாம் எண்ணிப் 'புதுவை பற்றிய இலக்கியக் குறிப்புகள்' எனத் தொகுப்பது இன்று எளிது. எண்ணிக்கை பெருகும், உண்மை குறையும்.

6. உதிர்ந்த 'சேரி'

புதுவை, பாண்டி ஆகிய இரண்டும் ஒரு வகையில் ஒத்தவை. இரண்டிலும் 'சேரி' இல்லை. இலக்கியமும் தெருப்பேச்சும் விட்டுவிட்ட அச்சொல்லைச் சட்டமே காத்து நிற்கிறது. 2006ஆம் ஆண்டுப் பெயர்மாற்றச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்து, ஆங்கிலத்திலும் 'புதுச்சேரி'யை நிலைநிறுத்தியது. (1985இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் மட்டும் ஆங்கிலத்தில் பழைய வடிவத்தையே வைத்துக்கொண்டுள்ளது.) 2020இல் தமிழ்நாட்டில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்ற வெளிவந்த ஆணை சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டதை நோக்க, புதுச்சேரியின் மாற்றம் எளிதில் ஏற்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. அங்கே மாறியது எழுத்துக்கூட்டல் அன்று. தமிழில் ஒருபோதும் அழியாதிருந்த பெயரே ஆங்கிலத்திற்கும் சென்றது.

'சேரி' உதிர்ந்ததற்குச் சாதி வெட்கம் காரணம் என்று வாதிடுவோர் உண்டு. இவ்வாதம் கவர்ச்சியானது, ஆயினும் அப்படியே ஏற்பதற்கில்லை. மரூஉ மொழிகளில் பொதுச்சொல் உதிர்வதே விதி. தஞ்சையில் ஊரும் நாகையில் பட்டினமும் உதிர்ந்தன. பாண்டியில் நிகழ்ந்தது பேச்சின் சுருக்கம். வேளச்சேரி, கூடுவாஞ்சேரி போன்ற பெயர்கள் சேரியோடு இயல்பாக வழங்குவதும் நினைக்கத்தக்கது.

ஆனால் சேலம், நாமக்கல் சமவெளியில் நின்று பார்ப்பவர்க்கு இவ்விடை முழுமையானதாகத் தோன்றாது. கடற்கரை மாவட்டங்களில் 'சேரி' ஊர்ப்பெயரின் ஈறாக வாழ்கிறது. அங்கே அச்சொல்லுக்கு மதிப்பான துணைகள் உள்ளன. இச்சமவெளியில் ஊர்ப்பெயர்கள் ஆட்டையாம்பட்டி, எருமப்பட்டி எனப் பட்டியாகவும், குமாரபாளையம், பள்ளிபாளையம் எனப் பாளையமாகவும், பேளுக்குறிச்சி எனக் குறிச்சியாகவும், தாரமங்கலம் என மங்கலமாகவும், செவ்வாய்ப்பேட்டை எனப் பேட்டையாகவும் முடிபவை. வீடுகளின் தொகுதிக்கு 'வளவு' என்னும் கொங்குச் சொல் உண்டு. எனவே 'சேரி' இங்கே ஊர்ப்பெயரின் உறுப்பாகக் காதில் விழுவதரிது. விழும்போது அது ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பின் பெயராகவே விழுகிறது. சொல் ஒன்றாயினும் கடற்கரையில் அதற்கு இரண்டு பொருள். சமவெளியில் ஒன்றே, அதுவும் காயப்படுத்தும் பொருள்.

இச்சொல்லைப் பற்றிய ஆய்வுரைகளில் இரண்டு வகைப் பிழைகள் காணப்படுகின்றன. இன்றைய பொருளை முற்காலத்திற்கு ஏற்றிப் பழைய சேரிகள் அனைத்தையும் ஒதுக்கப்பட்ட இடங்களாகக் காண்பது ஒன்று. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டில் பிராமணர் சபையின் நிர்வாகத்தில் பன்னிரு சேரிகள் இடம்பெறுவது இதனை மறுக்கும். மற்றொன்று இதற்கு நேர்மாறானது: 'சேரி என்பது பழந்தமிழில் உயர்ந்த சொல், சேர்ந்து வாழும் இடம் என்பதே பொருள், எனவே இழிவு ஏதுமில்லை' என்று வேர்ச்சொல்லைக் காட்டி இன்றைய வடுவை மறைப்பது. முதலாம் இராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்துப் பதிவாகியுள்ளன. சொல்லின் வேர் சேர்தலாக இருக்கலாம். அச்சொல் ஆண்ட நிலம் பிரித்தலே. இரண்டாம் பிழை முதல் பிழையினும் தீயது. முதலாவது அறியாமையால் நேர்வது; இரண்டாவது அறிந்தும் கண்ணை மூடிக்கொள்வது. 2023இல் 'சேரி மொழி' என்னும் தொடர் பொதுவெளியில் இழிசொல்லாக எடுத்தாளப்பட்டுக் கண்டனம் எழுந்தபோதும், சொல்லின் பழைய பெருமையைக் காட்டிச் சமாதானம் கூறுவது இவ்வகையினதே.

பொருட்சுருக்கம் நிகழ்ந்த முறையும் இக்கல்வெட்டுகளால் விளங்குகிறது. தொடக்கத்தில் இழிவைச் சுமந்தது சேரி அன்று, அதன் அடை. பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று அடைகொடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கம்மாளர் வாழ்ந்தது கம்மாணசேரி. காலப்போக்கில் பிற சேரிகள் தெருவாகவும் ஊராகவும் பெயர்மாற, எஞ்சிய ஒன்று அடையின்றியே அடையின் பொருளைத் தாங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஊர், தெரு என்னும் பொருள்களோடு பறையர் குடியிருப்பு என்பதையும் தருவது இவ்வடுக்குகள் அனைத்தும் ஒரு சொல்லில் உடனிருந்ததைக் காட்டுகிறது.

அண்மைக் காலத்தில் இதே நிகழ்ச்சி வேறொரு சொல்லில் கண்முன்னே நடந்தேறியது. அச்சொல் 'காலனி'. லாரியும் பாண்டியும் போலவே ஆங்கில ஒகரம் ஆகாரமாக வந்த சொல் அது. அரசு கட்டித்தந்த ஆதிதிராவிடர் காலனி, அரிசனக் காலனி என்பவற்றில் அடை உதிர்ந்து, சமவெளிச் சிற்றூர்களில் 'காலனி' என்றாலே சேரியின் மறுபெயர் ஆயிற்று. அதே வேளையில் நகரங்களில் ஆசிரியர் காலனியும் வங்கி ஊழியர் காலனியும் மதிப்போடு வாழ்ந்தன. 'எந்த ஊர்' என்ற வினாவுக்குக் 'காலனி' என்று விடைசொல்ல நேரும் மாணவனின் தயக்கத்தை இப்பகுதிப் பள்ளி ஆசிரியர்கள் அறிவர். 2025 ஏப்ரல் 29இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில், ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாகிவிட்ட 'காலனி' என்னும் சொல் அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். ஐரோப்பியர் தாம் ஆண்ட நாட்டைக் குறிக்க வழங்கிய சொல், பிரெஞ்சுப் புதுச்சேரியைக் குறிக்கவும் வழங்கிய சொல், இச்சமவெளியில் ஊராரால் ஒதுக்கப்பட்டவரின் இருப்பிடத்துக்குப் பெயராகிப் பின்னர் நீக்கத்தக்கதும் ஆயிற்று. 'சேரி'யோ ஓர் ஒன்றியப் பகுதியின் சட்டப் பெயரில் இடம்பெற்றிருக்கிறது.

பெயரை நீக்குவதால் ஒதுக்கம் நீங்குமா என்பது சமூகவியலார் ஆராயவேண்டிய வினா. சொல்லாய்வு கூறக்கூடியது சிறிதே: சேரிக்கு மாற்றாகவே காலனி வந்தது, அடை உதிர்ந்து அதுவும் சேரியாயிற்று. மூன்றாவதாக வரும் சொல் எதுவாயினும், அது சுட்டும் இடத்துக்கும் ஊருக்கும் இடையிலுள்ள சாலை மாறாதவரை, அதே வழியில் செல்லும் வாய்ப்பு மிகுதி.

7. அகராதிப் பதிவு குறித்து

தமிழ் ஊர்ப்பெயர் அகராதி ஒன்று எழுதப்படுமாயின் இப்பெயர்களுக்கான பதிவு இப்போது வழங்குவதினும் வேறாக அமைய வேண்டும். 'புதுவை' என்னும் தலைச்சொல்லின் கீழ்ப் புதுச்சேரி, திருவில்லிபுத்தூர் முதலிய ஊர்கள் காலவரிசையில் எண்ணிட்டுத் தரப்பட வேண்டும். 'பாண்டி' இரண்டு தலைச்சொற்களாகப் பிரிக்கப்பட வேண்டும்: பாண்டிய நாட்டை ஒட்டியதும் மலையாளத்தில் இழிபொருள் பெற்றதும் ஒன்று, ஆங்கில வழி வந்த ஊர்ப்பெயரின் சுருக்கம் மற்றொன்று. இரண்டாவதற்கு 'பிரெஞ்சு' என்று மட்டும் மூலம் குறிப்பது போதாது. 'பிரெஞ்சு, ஆங்கிலத்தின் வழி' என்றிருத்தல் வேண்டும். மதுவிலக்குக் காலத்து உட்பொருள் வட்டாரக் குறிப்போடு தனியே தரப்படவேண்டும். 'புதுச்சேரி' என்பதற்கு நகரம், அதனைச் சூழ்ந்த பகுதி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவற்றையும் உள்ளடக்கிய ஒன்றியப் பகுதி என மூன்று எல்லைகளைக் காட்டுவது அவசியம். 'சேரி'க்குரிய பதிவில் பொருள்களை வரிசைப்படுத்துவதோடு நில்லாமல், எப்பொருள் எவ்வட்டாரத்தில் இன்று உயிரோடிருக்கிறது என்பதும் குறிக்கப்பட வேண்டும். காஞ்சிபுரத்து மாணவரும் இராசிபுரத்து மாணவரும் அப்பக்கத்தைப் புரட்டும்போது ஒரே சொல்லைப் படிப்பதில்லை.